சுவரொட்டி அசைந்த வரலாறு

சென்ற தவணையின்போது எமது பாடசாலைத் திரைப்பட வட்டத்தில் சார்ளி சப்ளினின் ‘மொடேர்ன் டைம்ஸ்’ என்னும் படத்தைக் காட்டினோம். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில், திருகாணி முறுக்கும் தொழிலாளி ஒருவன் இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே இழுக்கப்பட்டு, அவற்றோடு வளைந்து வளைந்து செல்லும் காட்சியைக் கண்டவர் எவரும் மறத்தல் அரிது. படம் முடிந்தபின், ஒவ்வொருவரும் அதற்கொரு சுவரொட்டி வரைந்து வருதல் வேண்டும் என மாணவர்களிடம் கூறினேன். பெரும்பாலானோர் சப்ளினின் தொப்பியையும் மீசையையும் கைப்பிரம்பையும் வரைந்து வந்தனர். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வேறுவிதமாகச் செய்திருந்தாள். வெள்ளைத் தாளில் பன்னிரண்டு பற்களையுடைய பெரிய கறுப்புச் சக்கரம். அதன் நடுவே முடங்கிக் கிடக்கும் சிறு மனித உருவம். அவ்வளவே. ஆனால், அத்துடன் நில்லாது, அந்தச் சுவரொட்டியை அவள் அசையவும் வைத்திருந்தாள்.

அவள் கையாண்ட முறை மிக எளியது. சக்கரத்தைத் தனியே அட்டையில் வெட்டி, நடுவிற் குண்டூசியாற் பொருத்தியிருந்தாள். அதனை ஐந்து பாகை திருப்பிக் கைப்பேசியால் ஒரு நிழற்படம். மேலும் ஐந்து பாகை திருப்பி இன்னொன்று. பன்னிரண்டு பற்கள் கொண்ட சக்கரம் முப்பது பாகை திரும்பியதும் முன்னிருந்த தோற்றத்தையே பெற்றுவிடும். ஆகவே, ஆறு நிழற்படங்களே போதுமாயிருந்தன. அவற்றை மீண்டும் மீண்டும் ஓடவிட்டபோது சக்கரம் ஓயாது சுழன்றது. நடுவிலிருந்த மனிதன் மட்டும் அசையாமற் கிடந்தான்.

“மனிதனை ஏன் அசைக்கவில்லை?” என்று கேட்டேன்.

“அவனும் அசைஞ்சால் பிறகு அந்தப் படத்திலை என்ன இருக்குது, சேர்? மெசின்தானே எல்லாத்தையும் அசைக்குது” என்றாள் அவள்.

உடனிருந்த ஆசிரியர் ஒருவர், பரீட்சைக்கு உதவாத இவ்விளையாட்டில் பிள்ளைகளின் பொழுதை வீணாக்குகின்றீர் என்று என்னைக் கடிந்துகொண்டார். அவருக்கு அப்பொழுது நான் மறுமொழி கூறவில்லை. இக்கட்டுரை ஓரளவுக்கு அவருக்குக் கூறும் மறுமொழியே. எதனை அசைப்பது, எதனை அசையாது நிறுத்துவது என்னும் வினா வெறும் தொழில்நுட்ப வினாவன்று. அது கருத்து பற்றிய வினா. ஆகவே சமுதாயம் பற்றிய வினா. இதனை அம்மாணவி தானே கண்டுகொண்டாள். ஆயின், அவளுக்கு முன்னர் நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டுக் கலைஞர்கள் இதே வினாவோடு மல்லாடியிருக்கின்றனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

* * *

அசையும் சித்திரத்திற்கும் சுவரொட்டிக்குமுள்ள உறவு திரைப்படத்தைக் காட்டிலும் பழையது. 1892ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், பாரிஸ் நகரின் கிறெவின் மெழுகுச்சிலைக் காட்சிச்சாலையில், எமில் ரெய்னோ என்பவர் தமது ‘ஒளி ஊமைக்கூத்துக்களை’ முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டினார். லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28இல் நடத்திய புகழ்பெற்ற திரைப்படக் காட்சிக்கு இது மூன்றாண்டுகள் முற்பட்டது. ரெய்னோவின் காட்சியில் நிழற்படமென்பதே இல்லை. ஒளி ஊடுருவும் பட்டையில் ஒவ்வொரு படத்தையும் அவர் தம் கையாலேயே தீட்டினார். ‘ஏழைப் பியரோ’ என்னும் கதைக்கு மட்டும் 500 படங்கள் வேண்டியிருந்தன.

இக்காட்சிக்குச் சுவரொட்டி வரைந்தவர் ஜூல் ஷெரே. அக்காலப் பாரிஸ் நகரத் தெருக்களையே ஓவியக் கூடமாக்கியவர் அவர் எனலாம். அவர் கையாண்டது கல்லச்சு முறை. வழவழப்பான சுண்ணக்கல்லின் மீது நெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் அச்சுமையை உருட்டினால், நெய்ப்பசையுள்ள இடத்தில் மட்டுமே மை பற்றும். நனைந்த இடம் மையை ஏற்காது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல். தெருவிற் செல்லும் சாதாரண மனிதன் கட்டணமின்றிக் காணக்கூடிய ஓவியம் இவ்வாறு பிறந்தது. செல்வர் வீட்டுச் சுவரில் தொங்கிய கலை தெருச்சுவருக்கு வந்தது சிறிய மாற்றமன்று.

ரெய்னோவின் முடிவு துயரமானது. லூமியர் கருவி ஒரு நாளிற் பிடிக்கும் படத்தைத் தீட்ட அவருக்கு மாதங்கள் பல தேவைப்பட்டன. தனிமனிதனின் கையுழைப்பு இயந்திர உற்பத்தியோடு போட்டியிட முடியாது போயிற்று. 1900இல் அவரது காட்சிகள் நின்றன. பின்னர், மனமுடைந்த நிலையில், தம் சித்திரப் பட்டைகளுட் பெரும்பாலானவற்றைத் தாமே சேன் நதியில் எறிந்தார். 1918இல் மறக்கப்பட்டவராய் மறைந்தார். கைவினைஞன் ஒருவன் புதிய உற்பத்தி முறையின் முன்னே நசிந்துபோகும் கதை கலையுலகிற்கும் புறம்பானதன்று.

திரைப்படத்திற்கென எழுந்த முதற் சுவரொட்டிகளுள் ஒன்று லூமியரின் ‘நீர் தெளித்தவன் நனைந்தான்’ என்னும் குறும்படத்திற்கு மார்செலின் ஓஸோல் வரைந்தது. அதிலே திரை ஒரு பக்கம். அத்திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் மக்கள் மறுபக்கம். பார்வையாளரும் சுவரொட்டியில் இடம்பெற்றிருந்தனர் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். சினிமா பெருவணிகமாக வளர்ந்து, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் நட்சத்திர முறை தோன்றியதும், மக்கள் சுவரொட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர்; நடிகரின் முகம் அவர்களது இடத்தைப் பிடித்துக்கொண்டது. நமது நகரங்களின் சுவர்களிலே நாம் சிறுவயது தொட்டுக் கண்டுவந்த பெரிய முகங்கள் இம்மரபின் வழிவந்தவையே.

* * *

வேறொரு மரபு ருஷ்யாவிலே தோன்றியது. 1897ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி அப்பேரரசில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. 1917ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்து உள்நாட்டுப் போரும் பஞ்சமும் மூண்டபோது, நாட்டின் நிலைமையை மக்களுக்கு எடுத்துரைக்கச் செய்தித்தாள்கள் போதவில்லை, காகிதமும் இல்லை, இருந்தாலும் படிப்போர் குறைவு. இந்நிலையிலே, 1919ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ‘ரொஸ்டா’ எனப்பட்ட ருஷ்யத் தந்திச் செய்தி நிறுவனத்தின் சார்பில், மிகயில் செரெம்னிக் என்னும் ஓவியர் மொஸ்கோவில் வெறுமையாகக் கிடந்த கடைச் சாளரங்களிலே செய்திகளைச் சித்திரமாக்கி ஒட்டத் தொடங்கினார். கவிஞர் மயாகோவ்ஸ்கி விரைவில் அப்பணியிற் சேர்ந்தார். பெரும்பாலான சாளரங்களுக்குரிய வாசகங்களை எழுதியவர் அவரே. பலவற்றை வரைந்தவரும் அவரே.

‘ரொஸ்டா சாளரங்கள்’ அச்சிடப்பட்டவையல்ல. அட்டையில் உருவத்தை வெட்டியெடுத்து, அவ்வெட்டினூடாக வண்ணம் பூசிப் படிகள் எடுக்கப்பட்டன. தந்தியில் வந்த செய்தி சில மணி நேரத்துள் தெருவிலே சித்திரமாக நின்றது. நம் கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று. ஒவ்வொரு சாளரத்திலும் ஒரு படம் மட்டும் இருப்பதில்லை. பல கட்டங்கள் வரிசையாக அமைந்தன. முதற் கட்டத்தில் பசித்த தொழிலாளி, அடுத்ததில் தானியத்தைப் பதுக்கியவன், அதற்கடுத்ததில் இருவரும் எதிரெதிரே, இறுதியில் அறைகூவல். இத்தகைய ஒழுங்கிலே கதை நகர்ந்தது. படம் அசையவில்லை, ஆனால் அதனைப் படிப்பவன் அசைந்தான். கட்டத்திற்குக் கட்டம் நகர்ந்து, இரண்டிற்குமிடையே என்ன நிகழ்ந்தது என்பதைத் தன் அறிவினாலே நிரப்பிக்கொண்டான். திரைப்படச் சுருளின் இலக்கணம் தெருச் சாளரத்தில் ஏறியிருந்தது.

இதன் அடுத்த படி இயல்பாகவே வந்தது. கட்டங்களாய் நின்ற கேலிச்சித்திரத்தைத் திரையிலே உண்மையாகவே ஓடவிட்டால் என்ன? 1924ஆம் ஆண்டில் ஸீகா வேர்ட்டொவ் ‘சோவியத் விளையாட்டுப் பொருள்கள்’ என்னும் சிறு படத்தை ஆக்கினார். சோவியத் நாட்டின் மிகப் பழைய அசைவுச்சித்திரங்களுள் அது ஒன்று. அதன் உருவங்கள் விக்தர் தேனியின் கேலிச்சித்திரங்களிலிருந்து பெறப்பட்டவை. தேனி அக்காலத்துச் சுவரொட்டி ஓவியர்களுட் பெயர்பெற்றவர். சிலந்தி வலையின் நடுவே பொன்குவியலில் வீற்றிருக்கும் பருத்த முதலாளி அவர் கைவண்ணமே. அலெக்சாந்தர் இவானொவ், இவான் பெலியாக்கொவ் ஆகியோர் அவ்வுருவங்களுக்கு அசைவு கொடுத்தனர். படத்தில், பெருவயிறன் ஒருவன் உண்டு உண்டு ஊதிப்போகின்றான். தொழிலாளியும் விவசாயியும் இணைந்து ஒரே உடலாகின்றனர். ஈற்றில் செம்படை வீரர்கள் ஒருவர்மேலொருவர் ஏறி நின்று மரமாகின்றனர். சுரண்டியோர் அம்மரத்தில் அலங்காரப் பொருள்களாய்த் தொங்குகின்றனர்.

இப்படத்தை இன்று பார்ப்போர்க்கு அதன் கோடுகள் கரடுமுரடாய்த் தோன்றலாம். அதன் தண்டனை உணர்ச்சி நெருடலாம். ஆயினும், ஓர் உண்மை அதிலே தெளிவாகக் கிடக்கின்றது. சுவரொட்டியில் முதலாளியின் வயிறு ஏற்கெனவே பருத்திருந்தது. எவ்வாறு பருத்தது என்பதைச் சுவரொட்டி கூறவில்லை. அசைவு வந்ததும், உண்ணுதல், பருத்தல் என்னும் தொடர்ச்சி கண்முன்னே விரிந்தது. நிலைமையாகத் தோன்றியது நிகழ்ச்சியாக மாறிற்று. நிகழ்ச்சியென்றால் அதற்குக் காரணமுண்டு. காரணமுள்ளதை மாற்றவும் முடியும். அசைவின் அரசியற் பொருள் இதுவே.

* * *

அசைவை உண்மையாகவே கொடுக்க முடியாத அச்சுத்தாளிலே அதனை உணர்த்திக் காட்டியவர்கள் ஸ்டென்பேர்க் சகோதரர்கள். விளாடிமிர் 1899இலும், கியோர்கி 1900இலும் மொஸ்கோவிற் பிறந்தனர். தந்தை சுவீடன் நாட்டவர். புரட்சிக் காலத்து இளங்கலைஞரான இவர்கள், ஓவியன் தனியறையிலிருந்து அழகுப்பொருள் செய்பவனல்லன், பொறியியலாளனைப் போலச் சமுதாயத்திற்குத் தேவையானவற்றைக் கட்டியமைப்பவன் என்ற கொள்கையுடையோராய், கட்டமைப்புவாதிகள் எனப்பட்ட குழுவினருடன் இயங்கினர். 1923 தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 300 வரையான திரைப்படச் சுவரொட்டிகளை ஆக்கினர். இருவரில் எவர் எதனை வரைந்தார் என்று பிரித்தறிய வழியில்லை. ‘2 ஸ்டென்பேர்க் 2’ என்றே அவர்கள் கையொப்பமிட்டனர். தனிமனிதப் புகழையே கலையின் எல்லையாகக் கருதுவோர் இக்கையொப்பத்தைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

அவர்களுக்குக் கிடைத்த அச்சுப்பொறிகள் புரட்சிக்கு முந்திய காலத்துப் பழம்பொறிகள். நிழற்படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக அச்சிடும் வசதி அவற்றில் இல்லை. ஆகவே, படச்சுருளின் ஒரு கட்டத்தை வேண்டிய அளவிலும் கோணத்திலும் தாளின்மீது விழுத்தும் கருவியொன்றைத் தாமே அமைத்துக்கொண்டனர். விழுந்த ஒளியுருவின் மீது கையால் வரைந்தனர். நிழற்படம் போலத் தோன்றுவது உண்மையில் ஓவியமே. நிழற்படம் அல்லாமையினால் அதனைச் சாய்க்கவும் நீட்டவும் வெட்டவும் அவர்களுக்கு உரிமையிருந்தது. பிற்பகலிலே படத்தைப் பார்த்து, மறுநாட் காலை பத்து மணிக்குள் சுவரொட்டியை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியும் அடிக்கடி நேர்ந்ததுண்டு. வசதியின்மையே அவர்களது கலைக்குக் கருவியாயிற்று எனில் மிகையாகாது.

1929இல் வெளிவந்த வேர்ட்டொவின் ‘திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்’ என்னும் படத்திற்கு அவர்கள் ஆக்கிய சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. நாம் நிலத்திற் படுத்து வானை நோக்குவதுபோன்ற கோணம். நாற்புறமும் வானளாவிய கட்டடங்கள் சாய்ந்து மேலெழுகின்றன. நடுவே ஒரு பெண். ஆனால் முழு உடலல்ல. பின்னோக்கி வளைந்த தலை, வீசிய கைகள், கால்கள் ஆகியன மட்டும். அவற்றை இணைக்கும் உடலில்லை. வானத்திலே படத்தின் பெயர் வட்டமாகச் சுழல்கின்றது. விடுபட்ட உடலை நம் கண் தானே நிரப்ப முயல்கின்றது. அம்முயற்சியே அசைவாக நமக்குத் தோன்றுகின்றது. திரைப்படத்தில் இரண்டு கட்டங்களுக்கிடையேயுள்ள இருளை நம் மனம் நிரப்புவதும் இவ்வாறே. ரொஸ்டா சாளரத்தின் இரு கட்டங்களுக்கிடையே இருந்த வெளி இங்கே ஒரே உருவத்தின் உள்ளே புகுந்திருக்கின்றது.

அந்தப் படத்திலும் அசைவுச்சித்திரம் உண்டு என்பதை இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒரு காட்சியிலே, மனிதர் எவருமின்றித் திரைப்படக் கருவி தன் பெட்டியிலிருந்து வெளிவருகின்றது, முக்காலியில் ஏறுகின்றது, கால்களை எடுத்துவைத்து நடக்கின்றது. ஒவ்வொரு கட்டமாகச் சிறிது சிறிது நகர்த்திப் பிடித்த காட்சி அது. எமது மாணவி அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிய முறையும் அதுவே. வேர்ட்டொவ் அக்காட்சியைத் திரையரங்கிலிருந்து பார்க்கும் மக்களையும் உடன் காட்டுகின்றார். ஓஸோலின் சுவரொட்டியிற் சிரித்த மக்கள் மீண்டும் திரும்பி வந்துவிட்டனர். படம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைப் பார்ப்பவரிடமிருந்து மறைக்காமை இக்கலையின் நேர்மை.

* * *

இவ்வளவு வளம் பொருந்திய மரபு ஏன் நின்றுபோயிற்று? முற்போக்கு எண்ணம் கொண்ட நாம் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் முறையாகாது. 1931 மார்ச்சில் சுவரொட்டி வெளியீடு கட்சி மத்திய குழுவின் தீர்மானத்தின்மூலம் நெருங்கிய கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டது. 1932 ஏப்ரலில் தனித்தனிக் கலைக்குழுக்கள் கலைக்கப்பட்டன. 1934இல் கூடிய எழுத்தாளர் மாநாட்டின் பின்னர் சோசலிச யதார்த்தவாதமே கலையின் ஒரே வழியென நிலைநாட்டப்பட்டது. சாய்ந்த கோணமும் வெட்டிய உருவமும் ‘உருவவாதம்’ என்னும் குற்றச்சாட்டுக்குள்ளாயின. மயாகோவ்ஸ்கி 1930இலேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். கியோர்கி ஸ்டென்பேர்க் 1933இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வேர்ட்டொவ் 1954இல் இறக்கும்வரை, தம் இறுதி ஆண்டுகளைச் செய்திப்படங்களைத் தொகுக்கும் பணியிலே கழித்தார்.

இவற்றை எதிரிகளின் அவதூறு என்று தள்ளிவிடுதல் எளிது, அது நேர்மையன்று. யதார்த்தவாதம் என்னும் கொள்கையிலே பிழையிருந்தது என்பது என் வாதமன்று. எதனை அசைப்பது, எதனை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை கலைஞனிடமிருந்தும் மக்களிடமிருந்தும் எடுக்கப்பட்டு அலுவலகத்திற்குச் சென்றது என்பதே பிழை. அதன் பின்னர் வந்த சுவரொட்டிகள் பலவற்றில் உருவங்கள் முழுமையாயின, முகங்கள் பொலிந்தன, ஆனால் பார்ப்பவன் நிரப்புதற்கு வெளி எதுவும் எஞ்சவில்லை. மக்களுக்காகப் பேசும் கலை, மக்கள் சிந்திப்பார்கள் என்று நம்புவதை நிறுத்தும் கணத்தில் இறுகிப் போகின்றது. இப்பாடத்தை நாம் கசப்போடேனும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

* * *

கலை முறைகள் எல்லைக் கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பதில்லை. 1922இல் பேர்லினில் நடந்த ருஷ்யக் கலைக் கண்காட்சி கட்டமைப்புவாதத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகஞ் செய்தது. அந்நகரில் வாழ்ந்த ஹங்கேரியரான மொஹோலி நொடி, மறு ஆண்டில் பௌஹௌஸ் கலைக்கூடத்தில் ஆசிரியரானார். நாஸிகளின் நெருக்குதலால் 1933இல் அக்கலைக்கூடம் மூடப்பட்டது. அதன் ஆசிரியர்கள் நாடுவிட்டு நாடு சென்றனர். மொஹோலி நொடியுடன் பணியாற்றிய கியோர்கி கெப்பெஷ் அமெரிக்காவை அடைந்து, 1940களில் நியூயோர்க்கின் புரூக்ளின் கல்லூரியில் கற்பித்தார். அவரது மாலை வகுப்பில், பகலில் விளம்பர நிறுவனத்தில் வேலைசெய்துவந்த இளைஞன் ஒருவன் இருந்தான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகனான அவன் பெயர் சோல் பாஸ்.

ஹொலிவூட் சென்ற பாஸ், நெறியாளர் ஒட்டோ பிறமிஞ்சரின் ‘கார்மென் ஜோன்ஸ்’ (1954) படத்தின் விளம்பரத்திற்குத் தீச்சுடரும் ரோசாமலரும் இணைந்த சின்னமொன்றை வரைந்தார். அச்சின்னத்தைத் திரையிலேயே அசைத்துப் படத்தின் தொடக்கமாக்கினால் என்ன என்ற எண்ணம் இருவருக்கும் எழுந்தது. 1955இல் வந்த ‘பொற்கை மனிதன்’ என்னும் படத்தில் அது முழு வடிவம் பெற்றது. போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனது கதை அது. அக்காலத்துத் திரைப்படத் தொழிலின் ஒழுக்க விதிகள் அப்பொருளையே தடைசெய்திருந்தமையால், படத்திற்கு அங்கீகார முத்திரை மறுக்கப்பட்டது. முத்திரையின்றியே அது வெளியாயிற்று. பாஸ் வரைந்த சுவரொட்டியில், காகிதத்தைத் தாறுமாறாக வெட்டியது போன்ற கோணலான ஒரு கை கீழ்நோக்கி நீள்கின்றது. படத்தின் தொடக்கத்திலே, கரிய திரையில் வெண்பட்டைகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன, நிற்கின்றன, மறைகின்றன. ஈற்றில் ஒரு பட்டை முறிந்து அந்தக் கையாக மாறுகின்றது.

அக்காலத்தில், பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை திரைச்சீலையை விலக்காது விடுவதே பல படமாளிகைகளின் வழக்கம். இப்படத்தின் சுருட்பெட்டிகளோடு, பெயர்ப்பட்டியலுக்கு முன்னரே திரைச்சீலையை விலக்குமாறு படம் ஓட்டுநருக்கு ஒரு குறிப்பும் அனுப்பப்பட்டது. சுவரொட்டி அசைகின்றது, பாருங்கள் என்பதே அக்குறிப்பின் பொருள்.

பாஸ் அசைத்தவை எவ்வளவு குறைவு என்பதே நாம் கவனிக்க வேண்டியது. முகமில்லை, ஊசியில்லை, கண்ணீரில்லை. சில பட்டைகள், ஒரு கை. பட்டைகள் நேராக நகர்கின்றன. கை மட்டுமே முறிந்திருக்கின்றது. ஒழுங்காய் ஓடும் உலகில் ஒருவன் முறிந்து நிற்றலை அது சொல்லாமற் சொல்கின்றது. மொஸ்கோத் தெருவில் மக்களை அறைகூவி அழைத்த முறை இங்கே நுழைவுச்சீட்டு விற்கும் நிறுவனத்தின் பணியிலே அமர்ந்திருப்பது உண்மை. ஆயினும், விதிகள் மறைக்கச் சொன்னதைக் காட்டுதற்கும் அதே முறை துணைநின்றது. கலை வடிவம் கூலிக்குப் போனாலும் தன் பிறப்பை முற்றாக மறப்பதில்லை.

* * *

இன்றைய நிலைக்கு வருவோம். ஷெரேயின் சுண்ணக்கல்லும், ரெய்னோவின் 500 படங்களும், ஸ்டென்பேர்க் சகோதரர்களின் தாமே கட்டிய கருவியும் இன்று தேவையில்லை. மாணவர் கையிலுள்ள கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், எந்த நிழற்படமும் அசையும், முகம் சிரிக்கும், கூந்தல் பறக்கும், முகில் ஓடும். கருவி எளிதானதை நான் குறைகூறவில்லை. பொதுமக்கள் கையிற் கருவி சேர்தல் எக்காலத்தும் வரவேற்கத்தக்கதே. ஆனால், அப்பொத்தானை அழுத்தும்போது, எதனை அசைப்பது என்ற தீர்மானத்தை எடுப்பவர் யார்? மாணவரல்லர். எங்கோ ஒரு நிறுவனம் முன்கூட்டியே எடுத்துவைத்த தீர்மானம் அது. அலுவலகம் தீர்மானித்தபோது எல்லாம் இறுகின; சந்தை தீர்மானிக்கும்போது எல்லாம் அசைகின்றன. இரண்டின் முடிவும் ஒன்றே: பார்ப்பவனும் ஆக்குபவனும் சிந்திக்க வேண்டியதில்லை.

ஆதலின், என்னைக் கடிந்துகொண்ட நண்பருக்கு நான் கூறக்கூடிய மறுமொழி இதுதான். ஓர் ஆக்கத்தைக் கற்ற மாணவன் அதன் சாரத்தைச் சுருக்கி எழுதுதல் வேண்டும் எனப் பரீட்சையிற் கேட்கின்றோம். தான் விரும்பிய படமொன்றுக்குச் சுவரொட்டி வரைபவன் செய்வதும் அதுவே. இரண்டு மணி நேரத்துக் கதையிலிருந்து ஓர் உருவத்தைத் தேர்கின்றான். அதனை அசைப்பவன் இன்னுமொரு படி செல்கின்றான். இவ்வுலகில் இயக்குவது எது, இயக்கப்படுவது எது என்று தனக்குள் வினாவுகின்றான். இலக்கியம் கற்பிக்கும் நாம் நமது மாணவரிடம் இதைவிடப் பெரிதாக எதிர்பார்ப்பது வேறெதுவுமில்லை.

அந்தச் சுவரொட்டியை இப்பொழுது எமது வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். சுவரிலே சக்கரம் சுழல்வதில்லை. எனினும், சென்ற வாரம் அதன்முன் நின்ற கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன், “இந்த ஆள் எப்ப எழும்புவார், சேர்?” என்று கேட்டான். அந்த வினா எழுந்துவிட்டதெனில், சுவரொட்டி தன் பணியைச் செய்துவிட்டது.